டேட்டாபேஸ் காசு கொடுத்து வாங்குவதா, ஓப்பன் சோர்ஸ் போதுமா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு கடைகளுக்கும் கல்லூரிகளுக்கும் சிறு மருத்துவமனைகளுக்கும் டேட்டாபேஸ் நிறுவிக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் வேலை. ஆரல்வாய்மொழியில் இருந்து களியக்காவிளை வரை எங்கே போனாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. ஃபோனில் அவசரமாகச் சொல்லும் பதில் பாதிதான் போய்ச் சேருகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

எங்கள் கடையில் பில்லிங் சாஃப்ட்வேர் இருக்கிறது. டேட்டாபேஸ் என்று தனியாக எதற்கு?

தனியாக வாங்க வேண்டாம், ஏற்கெனவே உங்களிடம் ஒன்று இருக்கிறது. திரையில் நீங்கள் பார்க்கும் பில்லிங் சாஃப்ட்வேர் கடையின் முன்பக்கம் மாதிரி. பற்று வரவு எல்லாம் எழுதி வைத்திருக்கும் பேரேடு உள்ளே வேறொரு மென்பொருளிடம் இருக்கிறது. அதுதான் டேட்டாபேஸ், தமிழில் தரவுத்தளம். ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர், போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல், மரியாடிபி, எஸ்கியூலைட் என்று அதில் பல வகை.

பில்லிங் சாஃப்ட்வேர் விற்க வருபவரிடம் விலையையும் ரிப்போர்ட்டையும் எல்லோரும் கேட்கிறார்கள். "உள்ளே என்ன டேட்டாபேஸ், அதன் கடவுச்சொல் எங்களிடம் இருக்குமா?" என்று கேட்பவர் குறைவு. அந்தக் கடவுச்சொல் கடைக்காரரிடம் இல்லாமல் விற்றவரிடம் மட்டுமே இருக்கும் இடங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அப்படி இருந்தால், ஓப்பன் சோர்ஸோ காசு கொடுத்ததோ, உங்கள் பத்து வருடக் கணக்கு இன்னொருவர் சட்டைப் பையில் இருக்கிறது.

ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம் என்றுதானே அர்த்தம்?

லைசென்ஸுக்குப் பணம் இல்லை என்பது உண்மை. ஆனால் முக்கியமான விஷயம் வேறு: மென்பொருளை எழுதிய மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். இந்த உரிமை இல்லாமல் விலை மட்டும் பூஜ்யம் என்றால் அது ஓப்பன் சோர்ஸ் இல்லை. எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் அப்படித்தான், காசில்லாமல் கிடைக்கும், ஆனால் உள்ளே இருப்பது மைக்ரோசாஃப்டின் சொத்து.

ஓப்பன் சோர்ஸுக்குள்ளும் உரிமங்கள் ஒரே மாதிரி இல்லை. போஸ்ட்கிரஸின் உரிமம் மிகவும் தாராளமானது. அதை உங்கள் மென்பொருளோடு சேர்த்து விற்கலாம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். எஸ்கியூலைட் பொதுச் சொத்தாகவே விடப்பட்டது. மைஎஸ்கியூஎல் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்திலும் கிடைக்கும், காசு கொடுத்து வணிக உரிமத்திலும் வாங்கலாம். மாங்கோடிபி என்ற டேட்டாபேஸ் 2018இல் தன் உரிமத்தை மாற்றியது, புதிய உரிமத்தை ஓப்பன் சோர்ஸ் என்று அந்தச் சொல்லுக்கு வரையறை வைத்திருக்கும் அமைப்பு ஏற்கவில்லை. ரெடிஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் 2024இல் உரிமத்தை மாற்றியதும் அதன் பழைய நிரலை எடுத்துக்கொண்டு வால்கி என்று ஒரு புதிய திட்டம் கிளம்பியது. மறு வருடம் ரெடிஸ் ஓர் ஓப்பன் சோர்ஸ் உரிமத்தையும் மறுபடி சேர்த்துக்கொண்டது. கடை நடத்துபவருக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. மென்பொருள் எழுதி விற்கும் நம் ஊர்ப் பையன்களும் பெண்களும் மட்டும் உரிமத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு இறங்க வேண்டும்.

காசு வாங்காமல் யார் இதைச் செய்வார்கள்? நாளைக்கே நிறுத்திவிட்டால்?

நியாயமான பயம். கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் பதில் புரியும்.

வரிசையும் பத்தியுமாக அட்டவணையில் தரவை வைக்கும் கணிதத்தை ஐபிஎம்மில் வேலை செய்த எட்கர் காட் 1970இல் எழுதினார். அதை நம்பி ஒரு சிறு நிறுவனம் 1979இல் ஆரக்கிளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் போஸ்ட்கிரஸ் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தை முடித்துக்கொண்டது. ஆனால் நிரல் திறந்து கிடந்ததால் வெளியில் இருந்தவர்கள் எடுத்து வளர்த்து, 1996இல் போஸ்ட்கிரஸ்கியூஎல் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு வரை எந்த ஒரு நிறுவனத்துக்கும் அது சொந்தம் இல்லை. பல நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்து அதில் வேலை செய்ய வைக்கின்றன, ஏனென்றால் அவர்கள் தொழிலே அதன்மேல் ஓடுகிறது.

மைஎஸ்கியூஎல் 1995இல் ஸ்வீடனில் பிறந்தது. 2008இல் சன் நிறுவனம் அதை வாங்கியது, 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. இந்தக் கைமாற்றம் நடக்கும்போதே, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் நிரலின் ஒரு பிரதியை எடுத்து மரியாடிபி என்று தனியாகத் தொடர்ந்தார். மூத்த மகள் பெயர் மை, இளைய மகள் பெயர் மரியா. இரண்டு டேட்டாபேஸுக்கும் மகள்களின் பெயர்தான். முதலாளி மாறினாலும் நிரல் திறந்திருந்தால் வேலை நின்றுபோகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தில் காசு கொடுத்து வாங்கும் பக்கம் மேல். எஸ்கியூஎல் சர்வரின் ஒரு பதிப்புக்குப் பொதுவாக 10 வருடம் பாதுகாப்புத் திருத்தம் வரும். போஸ்ட்கிரஸில் ஒரு பெரிய பதிப்புக்கு 5 வருடம்தான். அதற்குள் அடுத்ததற்கு மாற வேண்டும், அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும்.

காசு கொடுத்து வாங்கினால் உண்மையில் எவ்வளவு ஆகும்?

ஆரக்கிள் பல வருடங்களாகப் பட்டியலிட்டு வரும் விலையைச் சொல்கிறேன். சிறிய நிறுவனங்களுக்கான ஸ்டாண்டர்டு எடிஷன் 2 ஒரு பிராசசருக்கு 17,500 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 14,87,500 ரூபாய். இது ஒருமுறைதான். ஆனால் சப்போர்ட்டும் புதிய திருத்தங்களும் வேண்டும் என்றால் விலையில் 22 சதவீதம், அதாவது 3,27,250 ரூபாய், ஒவ்வொரு வருடமும். ஐந்தாவது வருடம் முடியும்போது வாங்கிய விலையைவிட அதிகமாகச் சப்போர்ட்டுக்குக் கட்டியிருப்பீர்கள்.

ஆள் கணக்கிலும் வாங்கலாம். ஒரு சர்வருக்குக் குறைந்தது 10 பேர், ஆளுக்கு 350 டாலர் என்று பட்டியல். அலுவலகத்துக்குள் பத்துப் பேர் மட்டும் பயன்படுத்தினால் இது தாங்கும். ஆனால் நோயாளிகளோ மாணவர்களோ இணையத்தில் வந்து பார்க்கும்படி வைத்தால் தலையை எண்ண முடியாது, பிராசசர் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

பெரிய பதிப்பான என்டர்பிரைஸ் 47,500 டாலர். அங்கே பிராசசருக்கு உள்ளே இருக்கும் கோர்களை எண்ணுவார்கள். 8 கோர் உள்ள சாதாரண இன்டெல் சர்வருக்கு, இரண்டு கோருக்கு ஒன்று என்ற கணக்கில், 4 லைசென்ஸ், அதாவது 1,90,000 டாலர், ஒன்றரைக் கோடி ரூபாய்க்கும் மேல். பேரம் பேசினால் குறைப்பார்கள். இருந்தாலும் எந்த உயரத்தில் இருந்து பேரம் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு. நிறுவும்போது சில கூடுதல் வசதிகளும் சேர்ந்தே வந்துவிடும், அவற்றுக்குத் தனி விலை. தெரியாமல் ஒருமுறை பயன்படுத்தினாலும் லைசென்ஸ் தணிக்கையில் அது பதிவாகத் தெரியும்.

எஸ்கியூஎல் சர்வரில் இரண்டு வழி. கோர் கணக்கில் வாங்கலாம், குறைந்தது 4 கோர். இல்லை என்றால் சர்வருக்கு ஒன்று, பயன்படுத்தும் ஆளுக்கோ கருவிக்கோ ஒன்று என்று வாங்கலாம். நடுவில் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் நின்று எல்லோருக்கும் பேசினாலும், அதற்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொருவரும் கணக்கில் வருவார்கள். "சாஃப்ட்வேர் ஒன்றுதானே" என்று ஒரே ஒரு லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓப்பன் சோர்ஸ் போட்டால் செலவே இல்லையா?

இருக்கிறது. ஆளுக்குச் சம்பளம், பேக்கப் வைக்க இடம், நல்ல யுபிஎஸ், அவ்வப்போது பதிப்பு மாற்றும் வேலை. லைசென்ஸுக்குப் போகாத பணத்தில் ஒரு பகுதியை இதற்கு எடுத்து வையுங்கள். "இலவசம்தானே" என்று நிறுவிவிட்டுத் திரும்பிப் பார்க்காத இடங்களில்தான் கண்ணீர் வருகிறது.

எக்ஸ்பிரஸ் பதிப்பு காசில்லாமல் கிடைக்கிறது. அது போதாதா?

பல கடைகளுக்குப் போதும். ஆனால் எல்லையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் 2022 பதிப்பு வரைக்கும் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி தாண்டக் கூடாது, 2025 பதிப்பில் அதை 50 ஜிபி ஆக்கியிருக்கிறார்கள். நேரம் வைத்துத் தானாக வேலை செய்யும் ஏஜென்ட் அதில் கிடையாது. ஆகையால் இரவு பேக்கப்பை விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக நாமே அமைக்க வேண்டும். ஆரக்கிளின் இலவசப் பதிப்புக்கு 12 ஜிபி தரவு, 2 ஜிபி நினைவகம் என்று எல்லை.

நான் பார்த்துவந்த ஒரு கடையில் ஓணத்துக்கு முந்தைய வாரம், கூட்டம் நிற்கும்போது, பில் போட முடியாமல் நின்றுவிட்டது. டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தொட்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் விற்பனைக் கணக்கு ஒரு ஜிபிகூட இல்லை, மீதி எல்லாம் கொள்முதல் பில்லை ஸ்கேன் செய்த படங்கள். அந்தப் படங்களை வெளியே ஒரு ஃபோல்டரில் வைத்து, அதன் முகவரியை மட்டும் டேட்டாபேஸில் எழுதும்படி மாற்றினோம். அன்று மாலையே பில் ஓடியது. பெரிய பதிப்பு வாங்கச் சொல்லி ஒருவர் கொடுத்திருந்த விலைப்பட்டியல் மேசையிலேயே இருந்தது. அளவு எவ்வளவு வளர்கிறது என்று மாதம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்துதான் வந்தது. முன்பே வந்திருக்க வேண்டும்.

தமிழில் பெயர் அடித்தால் ???? என்று வருகிறது. நல்ல டேட்டாபேஸ் வாங்கினால் சரியாகுமா?

வாங்குவதால் சரியாகாது. அமைப்பதில் இருக்கிறது. இது நம் ஊர், நம் ஆட்களின் பெயர் சம்பந்தப்பட்டது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கேள்விக்குறியாக விழுந்துவிட்ட பெயரை மீட்க முடியாது. உள்ளே பதிந்ததே கேள்விக்குறிதான். எஸ்கியூஎல் சர்வரில் வார்கேர் என்ற வகையில் ஃபீல்டை அமைத்தால் வழக்கமாக இப்படி ஆகும். என்வார்கேர் என்று அமைத்து, கட்டளையில் மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கில 'என்' எழுத்தையும் போட வேண்டும். இந்த ஓர் எழுத்து விட்டுப்போனதால் ஒரு வார்டு முழுவதும் பெயரில்லாமல் போன பட்டியலை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நீளம். 'கன்னியாகுமரி' என்ற சொல் நமக்கு 7 எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடில் புள்ளி, கொக்கி, கால் எல்லாம் தனிக்குறி, ஆகவே 12. யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் இந்தக் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 36. ஆரக்கிளில் வார்கேர்2 என்று 30 அளவு கொடுத்தால், வழக்கமான அமைப்பில் அது 30 பைட். மாவட்டத்தின் பெயரே உள்ளே நுழையாது. அளவை எழுத்துக் கணக்கில் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரஸில் 30 என்றால் 30 குறிகள், இந்தத் தொல்லை இல்லை.

மைஎஸ்கியூஎல்லில் யுடிஎஃப்8 என்ற பழைய அமைப்பு 3 பைட் வரைதான் எடுக்கும். தமிழ் எழுத்து போகும், எமோஜி போகாது. எமோஜி நமக்கு எதற்கு என்று விடலாம். ஆனால் பழைய நிலப் பத்திரங்களில் வரும் தமிழ்ப் பின்னக் குறிகள், 320இல் ஒரு பங்கான முந்திரி முதலியவை, 2019இல்தான் யூனிகோடில் ஏறின. அவற்றுக்கு 4 பைட் வேண்டும். யுடிஎஃப்8எம்பி4 என்ற அமைப்பை எடுத்தால் இரண்டும் தீர்ந்தது. 8.0 பதிப்பில் இருந்து அதுவே வழக்கமான அமைப்பு.

வரிசை இன்னொரு சிக்கல். யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கினால் 'ந'வுக்குப் பின்னாலேயே 'ன' வந்துவிடும், 'ழ' போய் 'வ'வுக்கு முன்னால் நிற்கும். பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையில் மாணவர் பட்டியல் வேண்டும் என்றால் தமிழுக்கான அடுக்கு விதியைச் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரஸில் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் இருந்து ஐசியு என்ற நூலகத்தின் வழியாக அது கிடைக்கிறது. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் மலையாளப் பெயர்களும் சேர்ந்து வரும். அதற்கும் அதே வழி.

கடைசியாக ஒன்று, கண்ணுக்கே தெரியாதது. 'நாகர்கோவில்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் அடிக்கலாம். பார்க்க இரண்டும் ஒன்று, பல டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு ஊர். தேடினால் பாதிப் பேர்தான் வருவார்கள். உள்ளே எழுதும் முன்பே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். போஸ்ட்கிரஸில் 13ஆம் பதிப்பு முதல் அதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது.

கரண்ட் அடிக்கடி போகிறது, மழைக்காலத்தில் இடியும் மின்னலும். எது தாங்கும்?

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம், கேள்வி சரியான கேள்வி. ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர், போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி என்ற அட்டவணை வகை எல்லாமே ஒரே உத்தியைக் கையாளுகின்றன: கணக்கைப் பேரேட்டில் மாற்றும் முன் என்ன மாற்றப் போகிறோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடும். நடுவில் கரண்ட் போனால், மறுபடி எழுந்ததும் குறிப்பேட்டைப் படித்து முடிந்ததை முடித்து, பாதியில் நின்றதை நீக்கும். ஆக, இந்த விஷயத்தில் காசுக்கும் இலவசத்துக்கும் வேறுபாடு இல்லை.

விதிவிலக்கு, மைஎஸ்கியூஎல்லின் பழைய மைஐசாம் அட்டவணைகள். அவற்றுக்கு இந்தக் குறிப்பேடு கிடையாது. 2010இலேயே இன்னோடிபி வழக்கமான அமைப்பாகிவிட்டது, ஆனாலும் பழைய பில்லிங் சாஃப்ட்வேர்களில் மைஐசாம் இன்னும் கிடக்கிறது. உங்களிடம் இருந்தால் இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள்.

இடி விழுந்து போர்டே எரிந்தால் எந்தக் குறிப்பேடும் உதவாது. அங்கே பேக்கப் மட்டும்தான். "டி டிரைவில் பேக்கப் இருக்கிறது" என்று ஒரு நிறுவனத்தில் நம்பிக்கையோடு சொன்னார்கள். சி, டி இரண்டும் ஒரே டிஸ்கின் இரண்டு பாகம், டிஸ்க் போனபோது இரண்டும் போயிற்று. ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். இன்னொரு பிரதி மாவட்டத்துக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஊருக்குள் எத்தனை பிரதி இருந்தும் திறந்து பார்க்க வழியில்லை. குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்று கனெக்டர்களை அரித்துவிடும். அங்கே பழைய ஹார்டு டிஸ்கை அலமாரியில் வைத்துவிட்டு அதைப் பேக்கப் என்று நம்ப வேண்டாம்.

அப்புறம், எடுத்த பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பாருங்கள். மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, நேற்றைய பில் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அரை மணி நேர வேலை. எந்த டேட்டாபேஸ் என்ற கேள்வியைவிட இந்த அரை மணி நேரம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்வதில்லை.

மூல நிரலை எல்லோரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே?

பார்ப்பான். சரிசெய்பவர்களும் பார்ப்பார்கள். 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற புழு உலகம் முழுக்க எஸ்கியூஎல் சர்வர்களைத் தாக்கியது. அதற்கான திருத்தம் ஆறு மாதம் முன்பே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2017 தொடக்கத்தில் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபிகளை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். ஒன்று மூடிய நிரல், ஒன்று திறந்த நிரல், இரண்டிலும் தப்பு கவனிக்காமல் விட்டதில்தான்.

டேட்டாபேஸ்களின் வாசல் எண்களான 5432, 3306, 1433, 1521 ஆகிய போர்ட்டுகள் ரவுட்டரில் வெளியே திறந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று திறந்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். மருத்துவமனைகளும் பள்ளிகளும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமிருக்கிறது.

எது வேகம்?

குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடையில் ஷீட்டும் ஒட்டுபாலும் சேர்த்து நாளைக்கு 100 சீட்டு என்று வைத்தால், வருடம் 300 நாளில் 30,000. பத்து வருடத்தில் 3 லட்சம் வரிசை. எந்த டேட்டாபேஸுக்கும் இது சின்ன வேலை. மெதுவாக இருந்தால் தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் போடாமல் விட்டிருப்பார்கள், அல்லது நிறுவியபடியே விட்டிருப்பார்கள். போஸ்ட்கிரஸின் பகிர்வு நினைவகம் நிறுவும்போது 128 எம்பிதான், அதற்கென்றே ஒதுக்கிய சர்வரில் மொத்த நினைவகத்தில் கால் பங்கு வரை ஏற்றலாம்.

ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் உரிமங்களில் ஒப்பீட்டு வேக அளவுகளை முன் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஆகவே யாராவது பட்டியல் காட்டினால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

சரி, எங்கள் மாதிரி இடத்துக்கு எதைப் போடச் சொல்வீர்கள்?

தோவாளைப் பூச்சந்தையில் ஒரே கம்ப்யூட்டரில் பிச்சிக்கும் மல்லிகைக்கும் கமிஷன் கணக்குப் போடுபவருக்கு எஸ்கியூலைட் போதும். தனி சர்வரே வேண்டாம், முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல். உங்கள் ஃபோனுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது அதன் எல்லை. விடியற்காலை அவசரத்தில் நான்கு பேர் நான்கு கம்ப்யூட்டரில் எழுத வேண்டும் என்றால் போஸ்ட்கிரஸுக்கு வந்துவிடுங்கள்.

கல்லூரி நூலகம் என்றால் கோஹா. நியூசிலாந்தின் ஒரு சிறு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000இல் ஓடத் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. மவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. உள்ளே மரியாடிபியோ மைஎஸ்கியூஎல்லோ இருக்கும், நீங்கள் யோசிக்க ஒன்றும் இல்லை. அதேபோல் கணக்கு, சரக்கு எல்லாம் சேர்த்துப் பார்க்கும் மென்பொருள்களில், மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட் எடுத்தால் மரியாடிபி, ஓடூ எடுத்தால் போஸ்ட்கிரஸ்.

பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு, குடும்ப அட்டை மாதிரியான நூறு வருடம் நிற்க வேண்டிய தரவு என்றால் திறந்த அமைப்பைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். விற்ற நிறுவனம் நூறு வருடம் இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது.

குளங்களின் எல்லை, வாய்க்கால் போகும் வழி, கடலரிப்பு என்று வரைபடத் தரவு வைத்திருப்பவர்கள் போஸ்ட்கிரஸோடு போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபட நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2001இல் இருந்து இருக்கிறது. "இந்தக் குளத்தில் இருந்து 500 மீட்டருக்குள் எத்தனை கிணறு?" என்று நேரடியாகக் கேட்கலாம்.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கவே கூடாதா?

வாங்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. நீங்கள் எடுக்கும் மருத்துவமனை மென்பொருளோ வங்கி மென்பொருளோ எஸ்கியூஎல் சர்வரில் மட்டும்தான் ஓடும் என்றால் அதையே முறையாக லைசென்ஸோடு வாங்குங்கள். அந்த மென்பொருள் நல்லதாக இருந்து, டேட்டாபேஸுக்காக அதை ஒதுக்கினால் வால் தலையை ஆட்டின கதையாகிவிடும். பத்து வருடமாக ஆரக்கிளில் எழுதிய ஆயிரக்கணக்கான செயல்முறைகள் இருந்தால், மாற்றும் செலவு லைசென்ஸ் செலவைத் தாண்டலாம். அலுவலகத்தில் இருக்கும் ஒரே ஆளுக்கு எஸ்கியூஎல் சர்வர் நன்றாகத் தெரியும், வேறு தெரியாது என்றால் அதுவும் எனக்குச் சரியான காரணம்தான். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வருபவர் எதை அறிவாரோ அதுவே அந்த இடத்துக்கு நல்ல டேட்டாபேஸ்.

திருட்டுப் பிரதி மட்டும் வேண்டாம். அதில் பாதுகாப்புத் திருத்தமும் நம்பி வாங்க முடியாது, கேட்க ஆளும் இல்லை. அதைவிட ஓப்பன் சோர்ஸ் எவ்வளவோ மேல்.

ஆடிட்டர் எடிட் லாக் கேட்கிறார். ஓப்பன் சோர்ஸில் கிடைக்குமா?

கிடைக்கும். கம்பெனியாகப் பதிந்தவர்களின் கணக்கு மென்பொருளில் 2023 ஏப்ரல் 1 முதல் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவு கட்டாயம், அதை அணைக்கவும் முடியக் கூடாது. மென்பொருளைத் தாண்டி நேராக டேட்டாபேஸில் கை வைத்தால் அதுவும் பதிகிறதா என்று ஆடிட்டர் கேட்பார். போஸ்ட்கிரஸில், மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் ட்ரிகரோ பிஜிஆடிட் என்ற நீட்சியோ வைத்து அமைக்கலாம்.

இப்போது ஓடுவதை ஓப்பன் சோர்ஸுக்கு மாற்றலாமா?

நீங்களே எழுதவைத்த மென்பொருள் என்றால் மாற்றலாம். விலைக்கு வாங்கிய மென்பொருள் என்றால் விற்றவர் சம்மதம் இல்லாமல் தொட வேண்டாம்.

தரவை நகர்த்துவது எளிது. ஆரக்கிளில் இருந்து ஓரா2பிஜி, எஸ்கியூஎல் சர்வரிலும் மைஎஸ்கியூஎல்லிலும் இருந்து பிஜிலோடர் என்று கருவிகள் இருக்கின்றன, அவையும் ஓப்பன் சோர்ஸ்தான். கஷ்டம் சின்னச் சின்ன வேறுபாடுகளில். ஆரக்கிளுக்கு வெற்றுச் சொல்லும் 'மதிப்பே இல்லை' என்பதும் ஒன்று, போஸ்ட்கிரஸுக்கு இரண்டும் வேறு. இனிஷியல் இல்லாதவர்களைத் தேடும் ரிப்போர்ட் ஒன்று இதனால் திடீரென்று காலியாக வரும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் இருந்தால் நகர்த்தும்போதே யூனிகோடாக்கிவிடுங்கள், பிறகு யாரும் செய்ய மாட்டார்கள்.

ஒரு மாதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, தினமும் கடை அடைக்கும்போது இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓணம், கிறிஸ்துமஸ், மார்ச் கடைசி மூன்றிலும் கை வைக்காதீர்கள்.

க்ளவுடில் போட்டுவிட்டால்?

ஒரே பிராட்பேண்ட் லைன் உள்ள கடைக்கு வேண்டாம், லைன் போனால் கடை நின்றுவிடும். பேக்கப்பின் வெளியூர்ப் பிரதிக்கு க்ளவுட் நல்ல இடம். எடுத்தால் சாதாரண போஸ்ட்கிரஸோ மைஎஸ்கியூஎல்லோ ஓடும் சேவையாக எடுங்கள், நாளைக்குக் கழற்றிக்கொண்டு வர முடியும்.

என் மகள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். எதைக் கற்றுக்கொள்ளச் சொல்லட்டும்?

போஸ்ட்கிரஸ். அவள் லேப்டாப்பிலேயே இன்றைக்கே நிறுவலாம், கையேடு முழுவதும் காசில்லாமல் கிடைக்கும், அதில் கற்ற எஸ்கியூஎல், அதாவது டேட்டாபேஸிடம் பேசும் கட்டளை மொழி, பெரும்பாலும் மற்ற எல்லாவற்றுக்கும் பொருந்தும். வகுப்பில் கொடுக்கும் மாதிரித் தரவோடு நிறுத்த வேண்டாம். உங்கள் கடையின் நேற்றைய பேக்கப்பைக் கொடுத்து, தன் லேப்டாப்பில் ஏற்றி, நேற்றைக்கு எத்தனை பில், மொத்தம் எவ்வளவு என்று சொல்லச் சொல்லுங்கள். கடையில் ஓடுவது எஸ்கியூஎல் சர்வர் என்றால் அதன் இலவசப் பதிப்பில் ஏற்றட்டும், மைஎஸ்கியூஎல் என்றால் அதில். நீங்கள் கல்லாவில் எண்ணி வைத்த தொகையோடு அது ஒத்துப்போகிறதா என்று இரண்டு பேருமாகப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் எனக்கு ஃபோன் செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பரவாயில்லை.